லாரிக்குப் பெரிய பேட்டரி வாங்கும் முன் சார்ஜ் வோல்ட்டேஜை அளந்து பார்க்கும் முறை

தமிழக-கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளம் காய்கறிச் சந்தையிலிருந்து பாலக்காட்டுக்கும் திருச்சூருக்கும் சரக்கு ஏற்றிச் செல்லும் என் ஆறு சக்கர லாரி, பதினான்கு மாதங்களில் இரண்டு ஜோடி பேட்டரிகளைத் தின்று தீர்த்தது. முதலில் போட்டது 100 ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) ஜோடி. அது ஆறே மாதத்தில் படுத்துவிட்டதால், பெரியதாகப் போட்டால் தாங்கும் என்ற கணக்கில் 130 ஆம்பியர்-மணி ஜோடியை வாங்கிப் பொருத்தினேன். எட்டாவது மாதம், தக்காளிப் பெட்டிகளை அடுக்கித் தார்ப்பாய் கட்டி முடித்த விடிகாலை மூன்று மணிக்குச் சாவியைத் திருப்பியபோது, எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் ஒரு முறை முனகிவிட்டு நின்றுபோனது. "டைனமோ நல்லாத்தானுங்க ஏத்துது, பேட்டரிதானுங்க சரியில்ல" என்று ஓட்டுநர் சொன்னார். காலையில் வந்து பார்த்த எலக்ட்ரீசியனும் அதையே சொன்னார். இருவர் சொன்னதும் பாதி உண்மை. மறுபாதியைக் கண்டுபிடிக்கச் சில நூறு ரூபாய் விலையுள்ள மல்டிமீட்டரும் அரை மணி நேரமும் போதுமானவையாக இருந்தன.

ஆகவே, பேட்டரியைப் பெரிதாக்க நினைக்கும் லாரி உரிமையாளர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது, கடைக்குப் போகும் முன் இப்போதிருக்கும் பேட்டரி ஏன் செத்தது என்பதை அளந்து தெரிந்துகொள்ளுங்கள் என்பதே. சார்ஜ் ஏறுவதில் உள்ள கோளாறைப் பெரிய பேட்டரி குணப்படுத்தாது. சில மாதங்களுக்கு மறைத்து வைக்கும், அவ்வளவுதான். கீழே தரும் அளவுகள் 24 வோல்ட் லாரிகளுக்கு உரியவை. 12 வோல்ட்டில் ஓடும் சிறிய சரக்கு வண்டிகளுக்கு, இரண்டு பேட்டரிகளுக்கும் சேர்த்துச் சொல்லும் மொத்த வோல்ட்டை மட்டும் பாதியாக்கிக்கொள்ளலாம்; ஒரு பேட்டரிக்குச் சொல்பவை அப்படியே பொருந்தும்.

தனித்தனியாக அளப்பது

லாரியின் 24 வோல்ட் என்பது இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்துப் பெறுவது. ஒன்றின் மைனஸ், வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸுக்குப் போகிறது. அதன் ப்ளஸ், இணைப்புக் கேபிள் வழியாக அடுத்ததன் மைனஸுக்குப் போகிறது. அடுத்ததன் ப்ளஸ்ஸிலிருந்து செல்ஃப் மோட்டாருக்கும் மற்றவற்றுக்கும் மின்சாரம் செல்கிறது. இப்படி இணைக்கும்போது வோல்ட் மட்டுமே கூடும், ஆம்பியர்-மணி கூடாது. இரண்டு 100 ஆம்பியர்-மணி பேட்டரிகளைப் போட்டுவிட்டு 200 இருக்கிறது என்று சொல்பவர்களை நான் லாரிப் பேட்டைகளில் அடிக்கடி பார்க்கிறேன். 24 வோல்ட்டில் அது 100 மட்டுமே.

முதல் அளவை, வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு, காலையில் சாவியைத் தொடும் முன் எடுக்க வேண்டும். அவ்வளவு நேரம் நிறுத்த முடியாதென்றால், எஞ்சினை அணைத்துவிட்டு ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்று நேரம் கழித்து அளக்கலாம். ஓடி நின்ற பேட்டரியின் மேல்மட்டத்தில் நிற்கும் பொய்யான வோல்ட் அதில் இறங்கிவிடும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு பேட்டரியின் இரு முனைகளிலும் தனித்தனியாக முள்களை வையுங்கள். 12.6 அல்லது அதற்குச் சற்று மேல் என்றால் அது நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 11.9-க்குக் கீழே போனால் காலி என்றே கொள்ளலாம். இரண்டுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், கூட்டுத்தொகை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏதோ தவறு நடக்கிறது.

மூடி திறக்கும் வகைப் பேட்டரி என்றால் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் ஆறு அறைகளையும் பார்த்துவிடுவது இன்னும் நல்லது. நம் வெப்பத்துக்காக நிரப்பப்படும் ஆசிட், முழுச் சார்ஜில் பெரும்பாலும் 1.240 முதல் 1.260 வரை காட்டும். ஐந்து அறைகள் 1.240 காட்டி ஒன்று மட்டும் 1.150 காட்டினால் அந்த அறை செத்துவிட்டது; அந்தப் பேட்டரிக்கு மருத்துவம் இல்லை.

அடுத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு மீண்டும் ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். எஞ்சின் சுழலும் அந்தச் சில நொடிகளில் ஒரு பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக் கூடாது. ஒன்று 10.8-இல் நிற்கும்போது மற்றொன்று 8-க்கு விழுந்தால், ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது அளவுதான் முக்கியம். எஞ்சினை ஓட்டி, நிமிடத்துக்குச் சுமார் 1500 சுற்றில் நிலையாக வைத்து, முதலில் மொத்த வோல்ட்டை, அதாவது சேஸிஸ் பக்கப் பேட்டரியின் மைனஸுக்கும் மற்றதன் ப்ளஸுக்கும் இடையே பாருங்கள். 27.6 முதல் 28.8 வரை இருப்பது ஆரோக்கியம். என் லாரியில் அது 28.2 காட்டியது. எலக்ட்ரீசியன் அதைப் பார்த்துத்தான் டைனமோ சரி என்றார்; அவர் பார்த்ததில் தவறில்லை, பார்த்த இடம்தான் போதவில்லை. நான் தனித்தனியாக வைத்துப் பார்த்தபோது சேஸிஸ் பக்கமுள்ள கீழ்ப் பேட்டரி 13.2 காட்டியது, ப்ளஸ் பக்கமுள்ள மேல் பேட்டரி 15.0 காட்டியது. கூட்டினால் அதே 28.2.

அதற்குக் காரணம், இரண்டு பேட்டரிகளுக்கும் நடுவிலுள்ள இணைப்புக் கேபிளிலிருந்து இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு மெல்லிய சிவப்பு வயர். வண்டியை நான் இரண்டாம் கையாக வாங்கும்போதே அது இருந்திருக்கிறது. பாட்டு செட்டுக்கும் மொபைல் சார்ஜருக்கும் 12 வோல்ட் வேண்டும் என்பதற்காக, முன்பு ஓட்டிய யாரோ ஒருவர் கீழ்ப் பேட்டரியிலிருந்து மட்டும் மின்சாரத்தை எடுத்திருக்கிறார். இரண்டரை ஆம்பியர் வீதம் எட்டு மணி நேரம் எடுத்தால் நாளொன்றுக்கு 20 ஆம்பியர்-மணி. அந்த இழப்பு முழுவதும் ஒரே பேட்டரிக்கு. ஆனால் டைனமோ கொடுக்கும் சார்ஜ் இரண்டின் வழியாகவும் ஒரே அளவில்தான் ஓடும். கீழ்ப் பேட்டரி பசியோடு அதை விழுங்கிக்கொண்டிருக்கும்போதே மேல் பேட்டரி நிறைந்துவிடுகிறது. நிறைந்த பிறகும் தள்ளப்படும் மின்சாரம் அதன் தண்ணீரைக் கொதிக்கவைத்து வற்றடிக்கிறது. ஒன்று பட்டினியால் சல்ஃபேட் படிந்து சாகிறது, மற்றொன்று அதிகம் தின்று சாகிறது. பெரிய ஜோடி போட்டபோது எட்டு மாதம் தாங்கியதற்குக் காரணம், சாவதற்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டது என்பது மட்டுமே.

இதில் பலரும் ஏமாறும் ஓர் இடம் இருக்கிறது. தண்ணீர் குறைவதும், சூடாவதும், அழுகிய முட்டை நாற்றம் அடிப்பதும் எந்தப் பேட்டரியில் தெரிகிறதோ அதைக் கெட்டது என்று முடிவு கட்டி, அதை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் கெட்டது அதன் கூட்டாளிதான். ஒரு பேட்டரியில் ஓர் அறை ஷார்ட் ஆகிவிட்டது என்று வையுங்கள். மீதமுள்ள ஐந்து அறைகளில் அது சார்ஜில் 11.8 வோல்ட் அளவுக்குத்தான் காட்டும். மொத்தம் 28.2 வர வேண்டும் என்று, டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பிடிவாதமாக நிற்பதால், மிச்சம் 16.4 வோல்ட் முழுவதும் நல்ல பேட்டரியின் தலையில் விழுகிறது. நல்லது கொதிக்கும், கெட்டது அமைதியாகக் குளிர்ந்து கிடக்கும்.

சார்ஜ் குறைவாக ஏறினால்

மொத்த வோல்ட் 27-ஐத் தொடவில்லை என்றால் உடனே டைனமோவைக் கழற்றிக் கடைக்கு அனுப்ப வேண்டாம். இன்றைய லாரிகளில் இருப்பது ஆல்டர்னேட்டர்தான் என்றாலும், எல்லையின் இரு பக்கங்களிலும் அதை டைனமோ என்றே அழைக்கிறோம். நானும் அப்படியே எழுதுகிறேன். பெல்ட்டை முதலில் பாருங்கள். இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டை விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அமிழ வேண்டும். பளபளவென்று கண்ணாடிபோல் ஆகிவிட்ட பெல்ட், இறுக்கமாக இருந்தாலும் வழுக்கும். மழையில் ஹெட்லைட்டைப் போட்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது கீச்சென்று கேட்டால் அதுதான்.

பிறகு வயர்களில் விழும் வோல்ட்டை அளக்க வேண்டும். எஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய, மல்டிமீட்டரின் ஒரு முள்ளை டைனமோவின் பின்புறமுள்ள தடித்த ப்ளஸ் போல்ட்டிலும், மற்றொன்றை மேல் பேட்டரியின் ப்ளஸ் முனையிலும் வையுங்கள். இங்கே 0.4 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்த வழியில் எங்கோ ஒரு லக் (கேபிள் முனையிலுள்ள உலோக வளையம்), ஃபியூஸ் அல்லது கேபிள் மின்சாரத்தைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. அதேபோல் டைனமோவின் உடலுக்கும் கீழ்ப் பேட்டரியின் மைனஸுக்கும் இடையே அளந்தால் 0.2-ஐத் தாண்டக் கூடாது. எர்த் பக்கத்தை, அதாவது சேஸிஸ் வழியாக மைனஸுக்குத் திரும்பும் பாதையை யாரும் பார்ப்பதில்லை. மதுக்கரையிலிருந்து சிமென்ட் ஏற்றும் என் மைத்துனரின் டாரஸ் லாரியில் டைனமோவில் 28.3 இருந்தும் பேட்டரிக்கு 27 கூட வந்து சேரவில்லை. அவர் அதற்குள் டைனமோவை ஒரு முறை மாற்றிவிட்டார். கடைசியில் பார்த்தால், பாடி வேலை முடித்துச் சேஸிஸுக்குப் புதுப் பெயின்ட் அடித்தவர்கள், எஞ்சினிலிருந்து வரும் எர்த் பின்னல் பட்டையின் லக்கை அந்தப் பெயின்ட்டின் மேலேயே வைத்து போல்ட் முறுக்கியிருந்தார்கள். எமரித் தாளால் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சுரண்டி, இரும்பு தெரியவைத்து மீண்டும் முறுக்கியதும் கோளாறு தீர்ந்தது.

டேஷ்போர்டில் பேட்டரிச் சின்னம் போட்ட சிவப்பு விளக்கையும் அலட்சியம் செய்யக் கூடாது. பல வகை டைனமோக்களில், சுழலத் தொடங்கும்போது அதற்குள் சுழலும் ரோட்டருக்குத் தேவையான முதல் மின்சாரம் அந்த விளக்கின் வழியாகத்தான் போகிறது. சாவியைப் போட்டதும் அது எரிய வேண்டும், எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லை என்றால், விளக்கு ஃபியூஸ் ஆனதால் மட்டுமே டைனமோ மந்தமாக இருக்கலாம். பத்து ரூபாய் பல்புக்காக டைனமோவைக் கட்டுவித்தவர்கள் இருக்கிறார்கள். ஓடும்போது மங்கலாக எரிந்துகொண்டே இருந்தால், டைனமோவின் மின்சாரத்தை டிசியாக மாற்றும் டையோடில் சந்தேகம் கொள்ளலாம். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, ஓடும் எஞ்சினில் பேட்டரி முனைகளில் வைத்தால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுவது அந்தச் சந்தேகத்தை உறுதிப்படுத்தும். இவை எல்லாம் சரியாக இருந்தும் வோல்ட் ஏறவில்லை என்ற பிறகுதான் கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் ஆகியவற்றுக்காக டைனமோவைத் திறக்க வேண்டும்.

பழைய டைனமோக் காலத்துப் பழக்கம் ஒன்று இன்றும் ஒழியவில்லை. எஞ்சின் ஓடும்போதே பேட்டரிக் கேபிளைக் கழற்றி, வண்டி நிற்காமல் ஓடினால் டைனமோ நல்லது என்று தீர்மானிப்பார்கள். ஆல்டர்னேட்டரில் இதைச் செய்தால், பேட்டரி என்ற மெத்தை விலகிய அந்த நொடியில் வோல்ட் எகிறி, டையோடையோ எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டியையோ எரித்துவிடும். யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

மிகுதியாக ஏறினால்

29 வோல்ட்டைத் தாண்டிவிட்டால் பேட்டரியைப் பற்றி யோசிப்பதற்கு முன் வண்டியை நிறுத்துவது நல்லது. பல்புகள் அடிக்கடி ஃபியூஸ் ஆவதும், ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஹெட்லைட் வெளிச்சம் கூடுவதும், வாரத்துக்கு வாரம் டிஸ்டில்ட் வாட்டர் கேட்பதும் இதன் அடையாளங்கள். ரெகுலேட்டர், அதாவது நாம் கட்-அவுட் என்று சொல்வது, உள்ளே ஷார்ட் ஆகியிருக்கலாம். அல்லது பேட்டரியின் வோல்ட்டை ரெகுலேட்டருக்குத் தெரிவிக்கும் மெல்லிய வயரில் துரு ஏறி, உண்மையான 28-ஐ அது 26.5 என்று கேள்விப்பட்டு மேலும் மேலும் ஏற்றிக்கொண்டிருக்கலாம். அந்த வயர் உள்ள வண்டிகளில் அதன் இரு முனைகளையும் சுத்தம் செய்துவிட்டுப் பிறகு ரெகுலேட்டரை மாற்றுவது முறை.

எங்கள் பக்கத்து வெப்பத்துக்கு ஒரு தனிக் குறிப்பு வேண்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும். சைலன்ஸருக்கு அருகே இருக்கும் பேட்டரிப் பெட்டிக்குள் அதைவிடக் கூடுதலாக இருக்கும். ஆசிட் பேட்டரிக்கு வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. வெப்பம் கூடக் கூட அது குறைந்த வோல்ட்டிலேயே நிறைந்துவிடுகிறது. 24 வோல்ட் ஜோடிக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 0.05 வோல்ட் குறைக்க வேண்டும். ஆகவே 25 டிகிரியில் 28.2 பொருத்தமென்றால், 40 டிகிரியில் 27.5 போதும். நல்ல ரெகுலேட்டர்கள் இதைத் தாமாகவே செய்கின்றன. உங்கள் வண்டி ஏப்ரல் பகலில் 27.4 காட்டினால் அதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு யாரையும் கூட்டிவைக்கச் சொல்ல வேண்டாம். விடிகாலைக் குளிரில் ஒரு முறை அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எவ்வளவு பெரியது வேண்டும்

சார்ஜ் சரியாக இருக்கிறது, இரண்டு பேட்டரிகளும் சமமாகக் காட்டுகின்றன, ஆனாலும் காலையில் செல்ஃப் மந்தமாக இருக்கிறது என்றால், அப்போதுதான் பெரிதாக்குவதில் பொருள் இருக்கிறது. எஞ்சினை அணைத்த பின் நீங்கள் எடுக்கும் மின்சாரத்தை ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன், வாளையாற்றுச் சோதனைச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்காக, சில நேரம் நாள்கணக்காக வரிசையில் நின்ற காலத்தில், பார்க்கிங் விளக்கே பேட்டரிகளைக் கொன்றது. 5 வாட் பல்புகள் பன்னிரண்டு எரிந்தால் 60 வாட், அதாவது 24 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர். பத்து மணி நேரத்துக்கு 25 ஆம்பியர்-மணி. அந்த வரிசை இன்று இல்லை. எல்இடி விளக்குகளும் அந்தச் செலவைக் குறைத்துவிட்டன. அவற்றின் இடத்தில் கேபின் ஃபேன், ஜிபிஎஸ் கருவி, கேமரா, ஓட்டுநரின் இரண்டு மொபைல்கள் என்று வேறு செலவுகள் வந்திருக்கின்றன. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் கேபினுக்கு ஏசி கட்டாயமாகியிருப்பதால், அதன் ஊதுவிசிறியையும் இனிக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

யாரும் எதையும் போடாதபோதே களவுபோகும் மின்சாரமும் உண்டு. அதைக் காண, எல்லாவற்றையும் அணைத்து, சாவியை எடுத்துச் சில நிமிடம் விட்டு, எர்த் கேபிளைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து மைனஸ் முனைக்கும் கேபிளுக்கும் நடுவே இணைக்க வேண்டும். அந்த நிலையில் மறந்தும் செல்ஃப் அடிக்கக் கூடாது, மீட்டர் எரிந்துவிடும். 50 மில்லி ஆம்பியர் வரை கவலை இல்லை. 300 காட்டினால் நாளொன்றுக்கு 7 ஆம்பியர்-மணிக்கு மேல் போகிறது. ஓணத்துக்கோ பொங்கலுக்கோ பத்து நாள் நிறுத்திவைத்த வண்டி கிளம்பாததற்கு இதுவே போதும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எதைப் பிடுங்கும்போது அளவு விழுகிறது என்று பார்த்தால் கள்ளன் அகப்படுவான்.

கூட்டி வந்த செலவு, பேட்டரியின் ஆம்பியர்-மணியில் கால் பங்குக்குள் அடங்குமாறு தேர்ந்தெடுப்பது என் வழக்கம். எஞ்சினைக் கிளப்புவதற்காகச் செய்யப்பட்ட பேட்டரிகள் தினமும் பாதிக்குக் கீழே இறக்கப்படுவதைத் தாங்குவதில்லை. இரவுக்கு 30 ஆம்பியர்-மணி செலவாகும் வண்டிக்கு 130 சரி. 45 ஆகும் வண்டிக்கு 180 வேண்டும்.

பேட்டரியைப் பெரிதாக்கினால் டைனமோவையும் பெரிதாக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். எடுத்த மின்சாரத்தைத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதால், பெரிய பேட்டரி என்ற காரணத்துக்காக மட்டும் வேலை கூடிவிடுவதில்லை. பெரியது இருக்கிறதே என்ற தைரியத்தில் கூடுதலாக எடுக்கும்போதுதான் கூடுகிறது. மழை இரவில் ஹெட்லைட், வைப்பர், விசிறி, மற்ற விளக்குகள் எல்லாம் சேர்ந்து 350 வாட் எடுத்தால் 28 வோல்ட்டில் அது 12 அல்லது 13 ஆம்பியர். 45 ஆம்பியர் டைனமோவில் மிச்சம் 30 இருப்பதுபோல் தோன்றும். ஆனால் நெரிசலில் ஐடிலிங்கில் நிற்கும்போது டைனமோ தன் முழு அளவில் ஒரு பகுதியைத்தான் தரும். மேலும், பேட்டரியின் கடைசி 20 சதவீதம் மிக மெதுவாகத்தான் ஏறும். வேலந்தாவளத்திலிருந்து கோயம்புத்தூருக்கு ஒரு மணி நேரம் ஓடி, அங்கே நான்கு மணி நேரம் ஃபேன் போட்டு நின்று, மீண்டும் ஒரு மணி நேரம் ஓடித் திரும்பும் வண்டியில் அந்தக் கடைசிப் பங்கு ஒருநாளும் நிறைவதில்லை. அத்தகைய வண்டிகளுக்கு நான் பரிந்துரைப்பது, மாதம் ஒரு முறை கரண்ட்டில் ஓடும் சார்ஜரில் இரவு முழுவதும் போட்டு வைப்பது. இது பெரிய டைனமோவைவிடச் செலவு குறைவு.

வாங்குவதும் பொருத்துவதும்

இரண்டையும் ஒரே நாளில், ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே மாதத் தயாரிப்பாக வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால், புதியது பழையதின் வழிக்கே விரைவில் போய்விடும். மூடிய வகையையும் திறக்கும் வகையையும் ஜோடி சேர்க்கக் கூடாது. கடையிலேயே வோல்ட் அளந்து, 12.5-க்குக் கீழே காட்டும் பேட்டரியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது அலமாரியில் நாட்கணக்கில் தூங்கியிருக்கிறது. எந்த வகை என்பதில் என் கருத்து இதுதான்: பழைய லாரிக்குத் திறந்து தண்ணீர் ஊற்றும் வகையே நல்லது, ஏனென்றால் அதிக சார்ஜ் ஏறினால் தண்ணீர் குறைவதைக் கண்ணால் பார்க்கலாம், ஊற்றிக் காப்பாற்றவும் முடியும். மூடிய வகையில் போன தண்ணீர் போனதுதான். சார்ஜ் ஒழுங்காக இருக்கும் பிஎஸ்-6 (புதிய புகை விதிப்படி தயாரான) வண்டிக்கு மூடிய வகை வசதி. லித்தியம் பேட்டரியை நம் லாரிகளில் செல்ஃபுக்காகப் போடுவதை இப்போதைக்கு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதற்கேற்ற சார்ஜ் ஏற்பாடு வேறு.

பெட்டியின் நீள அகலத்தை அளக்காமல் கடைக்குப் போக வேண்டாம். 150 ஆம்பியர்-மணிப் பேட்டரி ஒன்று 40 கிலோவைத் தாண்டும்; பழைய தட்டும் பிடிப்புப் பட்டியும் அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். பாலக்காடு-திருச்சூர் சாலையில் குதிரான் மேட்டு வழி குண்டும் குழியுமாக இருந்த காலத்தில் பட்டி தளர்ந்து ஆடிய பேட்டரிகளின் தகடுகள் உதிர்ந்து செத்ததை நான் பார்த்திருக்கிறேன்; சுரங்கப்பாதை வந்த பிறகும் ஆடும் பேட்டரி ஆடும் பேட்டரிதான். கேபிள்களும் பழையவை என்றால் அவற்றையும் மாற்றிவிடுங்கள். செல்ஃப் சுழலும் முதல் கணத்தில் பல நூறு ஆம்பியர் ஓடுவதால், 70 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளும், சுத்தியலால் தட்டாமல் கருவியால் அழுத்திப் பிடிக்கப்பட்ட லக்குகளும் வேண்டும்.

கழற்றும்போது எர்த் முதலில், நடு இணைப்பு அடுத்து, ப்ளஸ் கடைசியில். மாட்டும்போது ப்ளஸ், நடு இணைப்பு, கடைசியில் எர்த். எர்த் இருக்கும்போது ப்ளஸ்ஸைக் கழற்றும் ஸ்பேனர் சேஸிஸைத் தொட்டால் என்ன நடக்கும் என்பதை நான் ஒரு முறை பார்த்தேன்: நீல வெளிச்சம், வெடிச் சத்தம், ஸ்பேனரின் முனையில் அரிசி அளவுக்கு ஒரு பள்ளம். மோதிரம், கைச்சங்கிலி, கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சார்ஜில் இருந்த பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் பீடி, சிகரெட் அருகில் கூடாது. ஆசிட் கண்ணில் பட்டால் குறைந்தது பதினைந்து நிமிடம் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவரிடம் போக வேண்டும்.

பிஎஸ்-6 லாரியில் சாவியை அணைத்தவுடன் மெயின் சுவிட்சை அணைக்கக் கூடாது. புகைக்குழாய்க்கு யூரியாக் கரைசலைத் தெளிக்கும் பம்ப், குழாயில் தங்கியதைத் தொட்டிக்குத் திருப்பி இழுக்கச் சிறிது நேரம் எடுக்கும். இரண்டு நிமிடம் பொறுத்துவிட்டு அணைத்தால் குழாயில் உப்பு கட்டாது. வண்டியில் வெல்டிங் செய்யும்போதும் பேட்டரிக் கேபிள்களைக் கழற்றிவிட்டே செய்ய வேண்டும்.

முனைகளில் பூத்திருக்கும் வெள்ளையையும் பச்சையையும் வெந்நீரில் கரைத்த ஆப்ப சோடாவால் கழுவித் துடைக்கலாம். மூடியின் துளை வழியாக ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. உலோகத்தோடு உலோகம் சேரும்படி முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். முறுக்கும் முன் கிரீஸ் பூசுவது தவறு.

12 வோல்ட் தேவைக்கு 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் வாங்கிவிடுங்கள். செட்டுக்கும் மொபைலுக்கும் 10 ஆம்பியர் கன்வெர்ட்டர் தாராளம். அதன் உள்வரும் வயர் இரண்டு பேட்டரிகளின் மொத்த 24 வோல்ட்டிலிருந்து வர வேண்டும். பேட்டரிக்கு அருகிலேயே அந்த வயருக்கு ஒரு ஃபியூஸ் இருக்க வேண்டும். சாவி போட்டால் மட்டும் இயங்கும்படி ரிலே வைத்தால், கன்வெர்ட்டர் சும்மா தின்பதும் நிற்கும். நடுவிலிருந்து எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால், பேட்டரி ஈக்வலைசர் என்ற கருவி இரண்டையும் சமப்படுத்தும். ஆனால் கன்வெர்ட்டர் போட முடிந்த இடத்தில் அதற்குத் தேவை இல்லை.

பழைய ஜோடியை எடைக்கு எடுக்கும் யாரிடமும் தள்ளிவிட வேண்டாம். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்பட்ட பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது வைத்திருக்கின்றன. புதியதை வாங்கும் கடையிலேயே கொடுத்து, அதன் மதிப்பைப் பில்லில் கழித்துக்கொள்ளலாம். ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றி ஈயத்தை உருக்குபவர்கள் வாய்க்கால் கரைகளில் இருக்கிறார்கள்; அந்த வாய்க்கால் தண்ணீர்தான் நம் தென்னைக்கும் போகிறது.

பொருத்திய ஒரு வாரத்திலும், பிறகு மாதம் ஒரு முறையும், ஓடும் எஞ்சினில் இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியாக அளந்து, பெட்டி மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் தேதியோடு எழுதிவைக்கிறேன். சிவப்பு வயரை வெட்டி எறிந்து, கன்வெர்ட்டர் போட்டு, மீண்டும் 130 ஆம்பியர்-மணி ஜோடியையே பொருத்தி இருபத்தொரு மாதம் ஆகிறது. கடைசியாக எழுதியிருப்பது கீழ்ப் பேட்டரி 14.05, மேல் பேட்டரி 14.11.